‘வெறும்’ கணக்கர்

கேள்வி: நான் வெறும் கணக்கர். பதினான்கு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் வரவு செலவைப் பார்த்து வருகிறேன். விடுமுறை நாட்களில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தபோது கிடைத்த நிறைவு அலுவலகத்தில் ஒருநாளும் கிடைத்ததில்லை. உலகத்துக்கு நல்லது செய்ய விரும்பினால் இந்த வேலையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: வேலையை விடுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் அந்த ‘வெறும்’ என்ற சொல்லை விடுங்கள். வெறுங்கை என்றால் கையில் ஒன்றும் இல்லை, வெறும் வயிறு என்றால் வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் பேச்சு என்றால் பேச்சில் சாரம் இல்லை. ஒரு பேரேட்டைப் புரட்டிய மாத்திரத்தில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பதினான்கு ஆண்டுகளாகப் பழகிய ஒருவரிடம் எது இல்லை என்று இந்தச் சொல்லைச் சேர்த்தீர்கள்? இதனோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. வெறும் எழுத்தர், வெறும் செவிலி, வெறும் தட்டச்சர் என்று கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ‘நான் வெறும் அறுவை மருத்துவர்’ என்று ஒருவரும் எழுதியதில்லை. ஆகவே இதை அடக்கம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. எந்தத் தொழில் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பிறர் போட்டுவைத்த வரிசையை நாமும் நம்பிவிட்டோம் என்பதற்கான அடையாளம் அது.

உங்கள் தொழிலுக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றியே சொல்கிறேன். எட்மண்ட் மோரல் என்பவர் 1891-இல் லிவர்பூலைச் சேர்ந்த எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். காங்கோவிலிருந்து சரக்கு வந்து இறங்கும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு நிறுவன வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தார். காங்கோ அப்போது பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்துபோல ஆளப்பட்டது. அங்கே நாகரிகத்தை வளர்ப்பதாக அவர் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மோரல் பார்த்ததெல்லாம் சரக்குக் கணக்கை மட்டுமே. வரும் கப்பல்களில் மலைமலையாக ரப்பரும் யானைத் தந்தமும் இருந்தன. போகும் கப்பல்களில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் படைவீரர்களும் இருந்தார்களே தவிர, அவ்வளவு ரப்பருக்கு ஈடாகக் கொடுக்கக்கூடிய வணிகப் பொருள் அநேகமாக இல்லை. வாங்கிய பொருளுக்கு விலை எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை என்றால், அந்த ரப்பரைச் சேகரித்தவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்றுதானே பொருள்? துப்பாக்கி முனையில் நடந்த கட்டாய உழைப்பை, அந்தக் காட்டில் ஓர் அடிகூட வைக்காத ஒருவர், இரண்டு பத்திகளை ஒப்பிட்டுக் கண்டுகொண்டார். 1904-இல் அவர் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்; 1908-இல் காங்கோ லியோபோல்டின் கையைவிட்டுப் போய் பெல்ஜிய அரசின் பொறுப்பில் வந்தது. கொடுமை அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் மறைத்துவைத்த ஒன்றை உலகம் காண வைத்தவர்களில் முதன்மையானவர், கணக்கைப் படிக்கத் தெரிந்த ஓர் எழுத்தர்.

அந்தக் கணக்குகள் எத்தனையோ பேர் கண்ணில் பட்டிருக்கும். கூட்டல் சரியாக இருந்தால் போதும் என்று அவர்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். கூட்டல் சரியாக இருந்தும் பொருள் சரியாக இல்லையே என்று மோரலுக்குத் தோன்றியது. இந்த உறுத்தல் தொழில் தெரிந்தவருக்குத்தான் வரும். நல்ல மனம் மட்டும் உள்ளவர் அதே தாளைப் பார்த்தால் எண்களைத்தான் பார்ப்பார்.

மோரல் 1901-இல் வேலையை விட்டார் என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஆனால் அவர் அந்த நாற்காலியை ‘வெறும்’ நாற்காலி என்று எண்ணி எழுந்து போகவில்லை; அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டதை அங்கே இருந்தபடி சொல்ல முடியாத நிலை வந்தபோது எழுந்தார். அந்த நிலை வராதவர்களும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பிரான்சிஸ் கெல்சி 1960-இல் சேர்ந்த சிறிது காலத்திலேயே தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை விற்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. நிறுவனம் எவ்வளவு நெருக்கியபோதும், தந்த சான்றுகள் போதவில்லை என்று திருப்பித் திருப்பிக் கேட்டு அவர் ஒப்புதல் தராமலேயே இருந்தார். அந்த மருந்து விற்கப்பட்ட நாடுகளில், கர்ப்பிணிகள் அதை உட்கொண்டதால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தன. கெல்சி செய்த நன்மை, தன் அன்றாட வேலையைச் சரியாகச் செய்ததும், போடக் கூடாத ஒரு கையெழுத்தைப் போடாததும்தான். கணக்கரான உங்களிடமும் கையெழுத்து கேட்டு எத்தனை தாள்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் வண்ணம் அடித்த அந்தக் காப்பகத்தின் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டீர்களா? தொண்டு அமைப்புகளில் பலவற்றுக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்துவிடுகிறது. சுவர் மூன்று நாளில் பளிச்சென்று ஆகிவிடுவதால், அதைச் செய்தவருக்கு உடனே நிறைவு கிடைக்கிறது. பற்றுச்சீட்டுகள் பழைய உறைகளில் கிடப்பதையும், தணிக்கை அறிக்கை இல்லாததால் அடுத்த நன்கொடை வராமல் நின்றுபோவதையும் பார்க்க யாரும் வருவதில்லை. அந்த வேலை உங்களுக்கு நிறைவு தராமல் போகலாம், ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள், மாதக் கணக்கில் இழுக்கும். நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

வாரத்துக்கு நாற்பது மணி நேரம், ஆண்டுக்கு ஐம்பது வாரம், மொத்தம் நாற்பது ஆண்டு என்று வைத்தால் ஒரு தொழில் வாழ்க்கை 80,000 மணி நேரம். உங்கள் கணக்கில் இன்னும் ஏறத்தாழ 52,000 இருக்கிறது. வேலையை விடலாமா என்ற கேள்வியை அப்படியே வைத்திருங்கள். அடுத்த விடுமுறையில் தூரிகையை எடுக்காமல், அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளரிடம் கடந்த மூன்று ஆண்டுகளின் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; எங்கே இடிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.