பள்ளி அவுட்ஃபீல்டரிடம் ஸ்கவுட் எதைப் பார்க்கிறார்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் பள்ளி பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை, ஆடும் பிள்ளைகளே கேட்டவை, ஆர்வத்தில் மற்றவர்கள் கேட்டவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டெக்சாஸில் ஒரு பள்ளி அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்துக்கு வரும் ஸ்கவுட் (தொழில்முறை அணிக்கு ஆள் தேடுபவர்) ஒருவருக்குப் பல பருவங்களாகப் பையன்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்களில் அவுட்ஃபீல்டர்கள், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் தடுத்தாடுபவர்கள் மீதுதான் எனக்கு எப்போதும் கூடுதல் கவனம்.

கேள்வி: ஐந்து திறன்கள், 20–80 மதிப்பெண் என்று பேசுகிறார்களே, அது என்ன?

அடி, பலம், ஓட்டம், எறி, பிடி. இந்த ஐந்துதான். பந்தைச் சரியாகச் சந்திக்கும் திறன் முதலாவது, அதைத் தூரம் அனுப்பும் பலம் இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீகின் சராசரி. 80 என்பது அந்தத் திறனில் உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் எழுதுவார்கள் என்பதை. ஒன்று இன்றைய நிலை, மற்றது வளர்ந்தபின் எட்டக்கூடிய நிலை. 17 வயதுப் பையனின் அடிக்கு "இன்று 25, நாளை 50" என்று எழுதியிருந்தால் அது பெரிய பாராட்டு. 25ஐ மட்டும் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோன அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனின் பேட்டிங் சராசரி .450. பள்ளியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு ஸ்கவுட்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, ஏன் சார்?

நூறு முறை ஆடி 45 முறை அடித்துப் பேஸை எட்டினான் (அதுதான் ஹிட்) என்கிற அந்த எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான பள்ளி பிட்சர்கள் மணிக்கு 75, 80 மைல் வேகத்தில் வீசுகிறார்கள். கையில் இருப்பதோ உலோக பேட். 2012 முதல் பள்ளிகளில் உலோக பேட்டின் துள்ளலுக்கு வரம்பு வைத்துவிட்டார்கள் என்றாலும், மர பேட் தண்டிக்கும் தவறுகளில் பலவற்றை அது இன்னமும் மன்னித்துவிடுகிறது. உள்பக்கம் வரும் பந்து கைப்பிடி ஓரம் பட்டால் மரம் முறியும். உலோகத்தில் அதே பந்து இரண்டாம் பேஸுக்குப் பின்னால் போய் விழுந்து "ஹிட்" என்று ஸ்கோர் புத்தகத்தில் ஏறிவிடும்.

சென்ற பருவத்தில் ஒரே ஆட்டத்தில் பார்த்த இரண்டு பையன்களைச் சொல்கிறேன். எதிரணி பிட்சர் 90 மைலைத் தொட்டுக்கொண்டிருந்தான். முதல் பையனுக்கு இரண்டு ஹிட். ஒன்று கைப்பிடியில் பட்டுத் தொங்கி விழுந்தது, இன்னொன்று இரண்டு பேர் நடுவே உருண்டு போனது. இரண்டாவது பையனுக்கு அன்று பூஜ்யம். ஆனால் அவன் ஆடியதைப் பாருங்கள். முதல் ஃபாஸ்ட்பாலை நேராகப் பின்வலையில் அடித்தான். நேர் பின்னால் போகும் ஃபவுல் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) என்றால் நேரக் கணிப்பு சரி, ஒரு விரல் அளவுக்குக் கீழே அடித்துவிட்டான், அவ்வளவுதான். அடுத்தது ஏமாற்றி வளைந்து தரையில் குத்தும் ஸ்லைடர் வகைப் பந்து. கைகள் கிளம்பின, நின்றுவிட்டன. மூன்றாவது பந்தை சென்டர் ஃபீல்டர் (அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்பவன்) நெஞ்சுயரத்தில் நின்ற இடத்திலேயே பிடித்தான், அவ்வளவு நேராகவும் வேகமாகவும் போன அடி அது. நான் இரண்டாவது பையனின் பெயரைத்தான் கோடிட்டு அனுப்பினேன்.

உங்கள் மகன் வேகமான பந்தை எப்படிச் சந்திக்கிறான், ஸ்ட்ரைக் எல்லைக்குள் (பேட்டர் அடிக்கத்தக்க உயர, அகலத்துக்குள்) வரும் பந்தை எத்தனை முறை தவறவிடுகிறான், எல்லைக்கு வெளியே எத்தனை முறை துரத்துகிறான் என்று பாருங்கள். .450ஐவிட அவை உண்மை பேசும்.

கேள்வி: 60 கெஜம் 6.8 வினாடி. போதுமா?

சராசரியை ஒட்டிய நேரம். சென்டர் ஃபீல்ட் என்றால் 6.5 பக்கம் இருந்தால் நல்லது. ஆனால் ஷோகேஸில் (ஸ்கவுட்டுகள் முன் திறன் காட்டும் நிகழ்ச்சியில்) ஓடும் 60 கெஜத்தைவிட, ஆட்டத்தில் அடித்துவிட்டு முதல் பேஸ் வரை ஓடும் நேரத்தையே நான் நம்புவேன். பேட்டில் பந்து படும் ஓசையில் கடிகாரத்தை அழுத்தி, கால் பேஸைத் தொடும்போது நிறுத்த வேண்டும். வலது கைக்காரனுக்கு 4.3, முதல் பேஸுக்கு ஓரடி பக்கத்தில் நிற்கும் இடது கைக்காரனுக்கு 4.2 சராசரி. 4.0, 3.9 என்றால் பக்கத்தில் நிற்கும் ஸ்கவுட்டும் தன் கடிகாரத்தை இன்னொரு முறை பார்ப்பார். பன்ட் செய்து, அதாவது பேட்டை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். அவுட்ஃபீல்டர் பிடிப்பதெல்லாம் சுலபமான கேட்ச் போலவே தெரிகிறது. இதில் திறமையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

நல்ல அவுட்ஃபீல்டர் பிடித்தால் சுலபமாகத்தான் தெரியும். பந்து வருவதற்குள் அங்கே போய் நின்றுவிடுகிறான் அல்லவா? திறமை பிடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மேஜர் லீகில் கேமராக்களை வைத்து இதை அளக்கிறார்கள். பந்து பிட்சர் கையை விட்டதிலிருந்து முதல் ஒன்றரை வினாடியில் எவ்வளவு நகர்ந்தான், அடுத்த ஒன்றரை வினாடியில் எவ்வளவு வேகம் எடுத்தான், போன பாதை நேரானதா என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் நான் பேட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சில இன்னிங்ஸ் முழுக்க ஒரே பையனின் கால்களைப் பார்ப்பேன். பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் முன்பாதத்தில் எடை மாறுகிறதா? ஓசை கேட்ட கணத்தில் கிளம்புகிறானா, பந்து மேலே ஏறிய பிறகு கிளம்புகிறானா?

மிகக் கடினமான பந்து, அவனை நோக்கி நேராக வருவது. பக்கவாட்டில் போகும் பந்தின் வளைவு கண்ணுக்குத் தெரியும், நேராக வருவதன் தூரம் தெரியாது. அனுபவமில்லாதவன் இரண்டடி முன்னே வைப்பான், பிறகு பந்து தலைக்கு மேல் போவதைப் பார்த்துப் பின்னங்காலில் தடுமாறி நடப்பான். தேர்ந்தவன் ஒரு காலைப் பின்னுக்குத் திறந்து, இடுப்பைத் திருப்பி, பந்துக்கு முதுகு காட்டி ஓடுவான். ஓரிடத்தில் தலையைத் திருப்பினால் பந்து அங்கே இருக்கும். இதைச் செய்யும் 16 வயதுப் பையனைப் பார்த்தால் அன்றைய நாள் எனக்கு நிறைந்துவிடும்.

எறியைப் பார்க்க ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கே வந்துவிடுங்கள். ஆட்டத்தில் ஒரு நல்ல எறிக்கு வாய்ப்பே வராமல் போகலாம். வானத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் எறி வேண்டாம். தாழ்வாகப் போய், ஒரே ஒரு குத்து குத்தி, கேட்சர் முழங்காலுக்கு வர வேண்டும்.

கேள்வி: பையன் பள்ளியில் சென்டர் ஃபீல்ட். மேலே போனாலும் அங்கேயே ஆடுவானா?

பெரும்பாலோர் ஆடுவதில்லை. பள்ளியில் அணியிலேயே வேகமானவனை நடுவில் நிறுத்துகிறார்கள். 17 வயதில் ஒல்லியாக இருப்பவன் 22இல் தோளும் தொடையும் நிறைந்து அரை அடி மெதுவாகிவிடுவான். அப்போது எறி பலமாக இருந்தால் ரைட் ஃபீல்ட், இல்லாவிட்டால் லெஃப்ட் ஃபீல்ட். ஓரத்துக்குப் போனவனிடம் அணி எதிர்பார்ப்பது பேட்டை. நடுவில் நல்ல தடுப்பாட்டம் ஆடினால் சுமாரான பேட்டைப் பொறுத்துக்கொள்வார்கள், ஓரத்தில் பொறுக்கவே மாட்டார்கள். இடது கையால் எறிபவன் என்றால் நெருக்கடி இன்னும் அதிகம். இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் மூன்றும் அவனுக்கு அடைபட்ட கதவுகள். மிஞ்சுவது முதல் பேஸ் மட்டும், அங்கேயும் பேட்டைத்தான் கேட்பார்கள்.

அதனால்தான் அவுட்ஃபீல்டரைப் பற்றிய என் எல்லாக் குறிப்புகளும் கடைசியில் அடியில் போய் நிற்கின்றன. ஓட்டத்தையும் எறியையும் ஒரு மத்தியான வேளையில் அளந்துவிடலாம். அடியை அளக்கக் கருவி கிடையாது, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: மேஜர் லீக் நட்சத்திரம் மைக் டிரௌட்டை, அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எப்படி 24 பேருக்குப் பின்னால் விட்டார்கள்?

2009 டிராஃப்டை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. அந்த ஆண்டு மூன்றாவதாகத் தேர்வானவர் டொனவன் டேட், ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில் பள்ளி அவுட்ஃபீல்டர். அமெரிக்கக் கால்பந்திலும் பெரிய பெயர். சான் டியேகோ பாட்ரேஸ் 62.5 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. டிரௌட் நியூஜெர்சியின் மில்வில் பள்ளியிலிருந்து 25ஆவதாக ஏஞ்சல்ஸ் அணிக்கு, ஏறத்தாழ 12 லட்சம் டாலருக்குப் போனார். அதே ஏஞ்சல்ஸ் 24ஆவதாக அறிவித்த பெயரும் ஒரு பள்ளி அவுட்ஃபீல்டருடையதே: டெக்சாஸின் ராண்டல் கிரிச்சக். அவரும் மேஜர் லீகில் நெடுங்காலம் ஆடினார்.

டேட் மேஜர் லீகை எட்டவே இல்லை. டிரௌட் 2012இல் சிறந்த புதுமுகம், பிறகு 2014, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்.

டேட்டைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. காயங்கள் அவரை விடவில்லை. ஓட்டம், எறி, உடல்வாகு என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் அவர் உயர்ந்தவர், அந்தத் தேர்வை அன்று யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்க முடியாது. டிரௌட்டிடம் இருந்த சந்தேகம் பெரும்பாலும் அவர் ஊரைப் பற்றியது. வடகிழக்கில் வசந்தம் குளிரும் மழையுமாகப் போகும், பருவம் குறுகியது, எதிரே நிற்கும் பிட்சர்கள் ஃபுளோரிடா, கலிஃபோர்னியா தரத்தில் இருப்பதில்லை. அடி உண்மையானதா என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆட்டங்கள் கிடைக்காது. டிரௌட்டுக்காக வாதாடிய ஏஞ்சல்ஸ் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் டிரௌட்டின் அப்பாவோடு ஒன்றாக ஆடியவர். குளிர் மறைத்ததை நெருக்கம் காட்டிக்கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: வயது முக்கியமா? மகனை ஒரு வகுப்பு தாமதமாகச் சேர்த்தால் உடம்பு தேறியிருப்பான் என்கிறார்கள்.

பள்ளி ஆட்டத்தில் தேறியவனாகத் தெரிவான். ஆனால் டிராஃப்ட் நாளில் 17 வயது 10 மாதமாக இருப்பவனையும் 19ஐ நெருங்குபவனையும் இப்போது யாரும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. 2011இல் பேஸ்பால் எழுத்தாளர் ரானி ஜசயர்லி பழைய டிராஃப்டுகளை அலசி, பள்ளியிலிருந்து இளம் வயதில் தேர்வான பேட்டர்கள் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகச் சாதித்ததைக் காட்டினார். டிரௌட்டும் தேர்வானபோது 17தான். படிப்புக்காகத் தாமதித்தால் சரி, பேஸ்பாலுக்காக வேண்டாம்.

கேள்வி: 5 அடி 9 அங்குலம்தான். வாய்ப்பு உண்டா?

மேஜர் லீக் நட்சத்திரம் மூக்கி பெட்ஸ் அந்த உயரம்தான். நாஷ்வில் பள்ளியிலிருந்து 2011இல் ஐந்தாம் சுற்றில், அதுவும் இன்ஃபீல்டராக (பேஸ்களுக்கு அருகே தடுத்தாடுபவராக) எடுத்தார்கள். 2014இல்தான் அவுட்ஃபீல்டுக்கு மாறினார். வாய்ப்பு உண்டு. ஆனால் உயரமான பையனுக்குக் கிடைக்கும் பொறுமை உங்கள் மகனுக்குக் கிடைக்காது, அவன் பேட் சீக்கிரமே பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: டிராஃப்டில் பெயர் வந்தால் படிப்பு என்னாவது? ஓர் அம்மாவாக எனக்கு இதுதான் கவலை.

சகோதரி, இந்தக் கவலை நியாயமானது. பள்ளி முடித்ததும் தேர்வாகலாம். வேண்டாம் என்று நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்று ஆண்டு முடியும் வரையோ 21 வயதாகும் வரையோ காத்திருக்க வேண்டும். 2021 முதல் டிராஃப்ட் 20 சுற்றுகள்தான், முன்பு 40 இருந்தன. பின்சுற்றுகளில் தேர்வாகும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் கல்லூரிக்கே போகிறார்கள். பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான ஆரன் ஜட்ஜை 2010இல் ஓக்லாண்ட் அணி 31ஆம் சுற்றில் கூப்பிட்டது. அவர் ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2013இல் யாங்கீஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதானால், கல்லூரிப் படிப்புக்கான தொகையையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் அதற்கென்றே திட்டம் இருக்கிறது. கல்லூரி உதவித்தொகையைப் பொறுத்தவரை, முன்பு கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1இல் அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான அளவுதான். 2025–26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் 34 பேர் வரை வைத்துக்கொண்டு எல்லோருக்குமே கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, அதனால் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் மூன்று சுற்றுப் பணம் கைக்கு வராதவரை கல்லூரிதான் நல்லது. அடி வளர்வதற்கு அங்கே மூன்று ஆண்டு கிடைக்கிறது.

கேள்வி: அண்ணா, எனக்கு 15 வயது. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். எப்படி எடுப்பது?

தம்பி, டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை உன்னோடு பேச முடியாது. பதில் வராவிட்டால் அதற்காகக் கலங்காதே. வீடியோ இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும், பாட்டு வேண்டாம். பேட்டிங்கைப் பக்கவாட்டிலிருந்து ஒன்று, பிட்சருக்குப் பின்னாலிருந்து ஒன்று, மர பேட்டில் எடு. வேகத்தைக் குறைக்காமல் அப்படியே காட்டு. அவுட்ஃபீல்டில் எடுக்கும்போது ஃபோனை வைத்திருப்பவர் பந்தைத் துரத்த வேண்டாம், பேட்டர் அடிப்பதற்கு முன்பிருந்தே உன் கால்கள் படத்தில் இருக்க வேண்டும். ஹோம் ரன்களாக மட்டும் வெட்டி ஒட்டாமல், தொடர்ச்சியாகப் பத்துப் பந்துகளை முழுசாக விடு. உயரம், எடை, பிறந்த தேதி, எறியும் கை, மதிப்பெண் சராசரி, பயிற்சியாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை முதல் திரையில் போடு. முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.