மகன் ஹைட்ராலிக் பிரெஸ் வேலைக்குப் போகலாமா?

அக்கா, மகனுக்குப் பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் (எந்திரமும் மின்னணுவும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பு) இடம் கிடைத்த சந்தோஷத்தைவிட, அவன் சிங்கப்பூர் துவாஸ் தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரெஸ்ஸை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பொருளை அழுத்தி வடிக்கும் எந்திரத்தை, பார்த்துவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருக்கிறானே என்ற கவலைதான் உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. "கம்ப்யூட்டர் படிக்கவேண்டிய பிள்ளை இரும்பை நசுக்கப் போகிறானே" என்கிறீர்கள். அந்த எந்திரத்துக்குள்ளும் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, அக்கா.

ரப்பர் கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையம்) செய்வதைப் பாருங்கள். பிஸ்டன் வேகமாக இறங்கும், சூடான அச்சைத் தொடுவதற்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிதானிக்கும். அழுத்தம் ஏறியதும் ஒரு நொடி லேசாகத் திறந்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியே விடும். அப்புறம் மூடி, ரப்பர் வேகும்வரை அழுத்தம் குறையாமல் பிடித்துக்கொள்ளும். இதில் ஒவ்வொரு படியும் திரையில் ஓர் எண். அந்த எண்களை வைத்து எந்திரத்தை ஆட்டுவிப்பது பிஎல்சி என்ற சிறிய தொழிற்சாலைக் கம்ப்யூட்டர். விசையின் கணக்கு அவன் பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான், அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை: 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தம் கொடுத்தால் சுமார் 64 டன்.

பொத்தானை மட்டும் அழுத்துகிறவருக்கு இதில் பெரிய வளர்ச்சி இல்லை, அதை மறைக்க மாட்டேன். பிடித்துவைத்த அழுத்தம் தானாக இறங்கும்போது, சீல் தேய்ந்ததா, வால்வில் தூசியா, சென்சார் பொய் சொல்கிறதா என்று பிரித்துச் சொல்பவருக்குத்தான் மதிப்பு. எண்ணெயும் தெரியவேண்டும், புரோகிராமும் தெரியவேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவர் திரையையே முறைத்துக்கொண்டு நிற்பார்.

ஆபத்து? உண்டு. கையை உள்ளே விடாதபடி இரண்டு கையாலும் அழுத்தவேண்டிய இரட்டைப் பொத்தான், கை குறுக்கே வந்தால் எந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை எல்லாம் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட பயம் ஊசித்துளிக் கசிவு. அந்த அழுத்தத்தில் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துவிடும், அதனால் கசிவை அட்டைத் துண்டை நீட்டித்தான் தேடுவார்கள். ஷிப்ட் இருக்கும். சட்டையைத் தனியாகத்தான் துவைக்கவேண்டும், அந்த வாடை லேசில் போகாது.

சேரும் முன் பாலிடெக்னிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹைட்ராலிக்கும் பிஎல்சியும் ஒரே எந்திரத்தில் வைத்துப் பயிற்சி தருகிறார்களா, வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? டிப்ளோமா முடிந்ததும் 2 ஆண்டு கட்டாய தேசிய சேவை வரும், அதற்குள் கை மறந்துவிடாமல் இருக்க அந்தப் பயிற்சி உதவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவனிடமே கேட்டுப் பாருங்கள்: "பம்ப் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?" சோற்றை மறந்து பேனாவைத் தேடினால், இடத்தை உறுதிசெய்துவிடுங்கள்.