கூர்ச்சீட்டும் ஹார்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், சட்டக் கல்லூரியில் சட்டவியல் பாடம் நடத்தி, கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்தையும் கவனித்து ஓய்வு பெற்ற பேராசிரியை.)

மேடம், ஜூரிஸ்புரூடன்ஸில் (சட்டவியலில்) ஆஸ்டின், கெல்சன், ஹார்ட் என்று சட்டத் தத்துவவாதிகளை உருப்போடுகிறோம். "கோர்ட் படியேறினால் இதில் ஒன்றும் உதவாது" என்கிறார் என் சீனியர். சட்ட உதவி மையத்தில் மனு எழுதப் பழகினால் போதாதா?
– இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி

உங்கள் சீனியரும் தினமும் ஜூரிஸ்தான் பேசுகிறார், பெயர் தெரியாமல். எங்கள் மையத்துக்கு வந்த ஓர் அம்மாவின் கதையைக் கேளுங்கள். 1984-ல் கல்யாணமானவர். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டால், அண்ணன்மார் ஒரு கூர்ச்சீட்டை, அதாவது பாகம் பிரித்ததாக எழுதிய சீட்டை, நீட்டினார்கள். பதிவாகாதது, பெண்மக்கள் யாரும் கையெழுத்துப் போடாதது. ஒரு மாணவர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தைப் புரட்டி, "மார்ச் 25, 1989-க்கு முன் மணமான மகளுக்குக் கிடையாது" என்று முடித்துவிட்டார். பக்கத்திலிருந்த மாணவி விடவில்லை. 2005-ன் மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடையே இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகம் பிரிந்திருந்தால்தான் சிக்கல். அதுவும் பதிவுப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருக்க வேண்டும். வெறும் கூர்ச்சீட்டை வைத்துச் சமாளிப்பது கஷ்டம்.

ஆனால் அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டாரே? அங்கேதான் வேடிக்கை. திருத்தம் அமலான 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு. 2018-ல் தனம்மா வழக்கில், 2001-லேயே அப்பாவை இழந்த மகள்களுக்கு அதே உச்ச நீதிமன்றம் பங்கு கொடுத்தது. கடைசியில் 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று தீர்த்து வைத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அப்போ 2015-ல எனக்குப் பங்கு இருந்துச்சா, இல்லையா?" என்றார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீதிபதி ஏற்கெனவே உள்ள சட்டத்தைச் சொல்கிறாரா, புதிதாக உண்டாக்குகிறாரா? ஹார்ட்டும் இன்னொரு சட்டத் தத்துவவாதியான ட்வொர்கினும் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். அடுத்த வகுப்பில் நான் ஹார்ட்டை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோட்பாட்டை முதலில் ஊட்டிவிட்டு, வழக்கைப் பின்னால் காட்டும் முறையில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

எங்கள் கல்லூரியில் கிளினிக் பாடம் (செய்முறைப் பயிற்சி) என்றால் ரெக்கார்டு நோட்டு எழுதுவதுதான். எப்படி மாற்றுவது?
– சட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியர், சேலம்

போன வருஷத்து நோட்டில் பெயரை மட்டும் மாற்றி வைப்பார்கள், இல்லையா? பார் கவுன்சிலின் 2008 விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கின. அதில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) தாளில் கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்கும் முறைக்கும் வழக்குக்கு முந்தைய தயாரிப்புக்கும் சேர்த்து 30 மதிப்பெண் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். கட்சிக்காரர் பேசி முடிக்கும்வரை பேர் ஆக்ட்டை (சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ள புத்தகத்தை) திறக்கக்கூடாது என்பது என் மையத்தில் சட்டம். புத்தகத்தைத் திறந்த மாணவர் அதற்கப்புறம் பிரிவைத்தான் கேட்கிறார், ஆளைக் கேட்பதில்லை.

நிஜமான முட்டுக்கட்டை வேறு. முழுநேர ஆசிரியரான நீங்கள் வக்கீலாக ஆஜராக முடியாது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்கிறார். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலிலுள்ள (பேனல்) வக்கீல் ஒருவரை மையத்துக்கு வாரம் ஒருமுறை வரவழையுங்கள். அவர் வராவிட்டால் மையம் வெறும் பெயர்ப்பலகைதான்.

ஏழைகளின் கஷ்டத்தை வைத்து மாணவர்கள் தொழில் பழகுவது நியாயமா?
– வாசகர், புதுச்சேரி

சங்கடமான கேள்வி, எனக்கும் பிடித்த கேள்வி. மேற்பார்வை இல்லையென்றால் நியாயமில்லை. செமஸ்டர் ஏப்ரலில் முடிந்துவிடும், ஜீவனாம்ச வழக்கு முடியாது. கேஸ் கட்டை அடுத்த அணியிடம் முறையாக ஒப்படைத்து, கட்சிக்காரருக்குப் புதிய ஆளை நேரில் அறிமுகப்படுத்தாதவருக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. பஸ்ஸில் கேஸ் விஷயம் பேசியவரை மையத்தைவிட்டே அனுப்பியிருக்கிறேன். அதற்காக என்னைக் கொடுமைக்காரி என்றார்கள், இருக்கட்டும்.

என் மகன் சட்டம் நான்காம் ஆண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஜீவனாம்ச வழக்கை அவனே நடத்தலாமா?
– ஒரு தாய், தேனி

கூடாதம்மா. பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீல்தான் வழக்கு நடத்தலாம். அந்தப் பெண்ணோடு மாவட்ட கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உங்கள் மகன் போகட்டும். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி அவருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும் முன், கல்யாணப் பத்திரிகை, குழந்தையின் பிறப்புச் சான்று, கணவர் வேலை பார்க்கும் இடம், சம்பள விவரம் இவற்றையெல்லாம் திரட்டித் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வக்கீலுக்கு அது பாதி வேலை மிச்சம்.