எழுத்து எபிரேயம், மொழி வேறு

கேள்வி: வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டேன். யூதர் வரலாறும் பண்பாடும் முதுகலையில் படிக்க ஆசை. எபிரேயம் தெரியாது. எதில் தொடங்கலாம்?

பதில்: எந்தக் காலத்து, எந்த ஊர் யூதர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன மொழி படிக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. பாபிலோனியத் தால்முத் (யூதச் சட்ட விளக்கங்களின் பெருந்தொகுப்பு) என்றால் எபிரேயத்தோடு அரமேயமும் வேண்டும். கிழக்கு ஐரோப்பாவுக்கு இத்திஷ் (அங்குள்ள யூதர்கள் பேசிய, ஜெர்மன் சார்ந்த மொழி). இடைக்கால எகிப்து என்றால் அரபு இல்லாமல் ஓரடி நகர முடியாது. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்திலிருந்து 1897-ல் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன ஏட்டுத் துண்டுகள் சுமார் 1,90,000. அவற்றிலுள்ள வணிகக் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் எழுத்து எபிரேயம், மொழி அரபு. எழுத்தை மட்டும் கற்றவர் வாய்விட்டுப் படிப்பார், பொருள் விளங்காது. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஆபிரகாம் பென் யிஜூவின் கடிதங்களும் கெய்ரோ ஏடுகளில்தான் கிடைத்தன. இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இது அருமையான ஆய்வுக்களம்.

எபிரேய எழுத்து 22, வலமிருந்து இடம். பாடநூலில் உயிர்க்குறிப் புள்ளிகள் இருக்கும், செய்தித்தாளில் இருக்காது. புள்ளி இல்லாத ஓலைச்சுவடி படித்துப் பழகியவருக்கு இந்தச் சிரமம் புதிதல்ல. ஒவ்வொரு பாடத்தையும் புள்ளியோடு ஒருமுறை, புள்ளியில்லாமல் ஒருமுறை படியுங்கள். வேர்ச்சொல் வரிசை அகராதியில் 'மிக்தாவ்' (கடிதம்) மேம் (ம்) எழுத்தில் கிடைக்காது. வேர் க்-த்-வ் என்பதால் காஃப் (க்) எழுத்தில் தேட வேண்டும்.

கேள்வி: யூதக் கல்லறைகளில் உள்ள ஆண்டைப் பொது ஆண்டாக மாற்றுவது எப்படி?

பதில்: ஆண்டை எழுத்துகளால் குறிப்பார்கள், ஆயிரத்தை (5328-ல் 5000-ஐ) பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 1240-க்குப் பிந்தைய கல் என்றால், எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 1240 சேருங்கள். ஷின் 300, காஃப் 20, ஹெத் 8, ஆக 328. விடை 1568, கொச்சி பரதேசி சினகாக் (யூதத் தொழுகைக்கூடம்) எழுந்த ஆண்டு. எபிரேய ஆண்டு இலையுதிர்காலத்தில் பிறப்பதால், திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் மாதங்களுக்கு ஒன்று குறைத்து 1567 என்று கொள்ளுங்கள். அடுத்து வரும் தேவேத் இரண்டு ஆண்டிலும் விழலாம், நாளையும் பார்த்தால்தான் தெரியும்.

தவறு நேர்வது தாலெத் (4), ரெஷ் (200) இரண்டிலும்தான். தாலெத்தின் மேல்கோடு வலது மூலையில் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரெஷ் அங்கே வளைந்து இறங்கும். கல் தேய்ந்து அந்த நீட்டல் மறைந்தால் கணக்கு 196 ஆண்டு தப்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுங்கள். சாக்பீஸ் தேய்க்கவே கூடாது, கல் கெட்டுவிடும். பெரிய மதிப்பு முன்னும் சிறியது பின்னும் வருவது வழக்கம். அதனால் கடைசியில் ரெஷ் தெரிந்தால் அது தாலெத்தா என்று மறுபடி பாருங்கள்.