இரண்டாவது பிளேனருக்கு லீசிங் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்குக் கதிரை, மேசை, கதவு செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் உள்ள பலகை சீவும் மெசினான மகீட்டா 2012 என்பி பிளேனருக்கு நாலு வயது. ஒரு வருடமாகப் பலகையின் இரண்டு நுனியிலும் பள்ளம் விழுகிறது. இரண்டு பக்கமும் 3 அங்குலம் வெட்டி எறிகிறேன். மாதம் 40 பலகை சீவுகிறேன், பலகை அடி 400 ரூபாய். முன்பு வருடத்துக்கு 3 செட் பிளேட் போதும், இப்போது 6 வேண்டியிருக்கிறது, செட் 12,000. தம்பலகாமத்தில் பட்டறை போட்டுப் பழைய வீட்டுப் பாலை மர வளை சீவும் மனைவியின் தம்பி வாரத்தில் இரண்டு நாள் மெசினை முச்சக்கர வண்டியில் கொண்டுபோவதால் வேலையும் தடைப்படுகிறது. கொழும்புக் கடையொன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த டிவால்ட் 735, சுருள் கட்டருடன் (சின்னச் சின்ன பிளேட்டுகள் சுருளாகப் பதித்த உருளை) 4 இலட்சத்து 20 ஆயிரம் சொல்கிறார்கள். மனைவியின் காப்பை அடகு வைத்து 60 ஆயிரம் கட்டினால் மிச்சத்துக்கு 18 வீத வட்டியில் 3 வருட லீசிங் தருவார்களாம். எடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியாகப் போகிறபோக்கில் மச்சானைச் சொல்லிவிட்டு, மிச்சம் முழுக்க மெசினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது.

பலகை உள்ளே போகும்போது முதலில் பலகையை இழுக்கும் முன் ரோலர் மட்டும்தான் அதைப் பிடிக்கும். பின் ரோலர் பிடிக்கும்வரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் கீழே தொங்கினால் தலை மேலே எழும்பி கட்டரில் ஆழமாகக் கடிபடும். வெளியே வரும்போது இதே கதை மற்ற நுனியில். இதைத்தான் ஸ்னைப் என்கிறார்கள். உங்கள் மாடலில் கட்டர் தலை ஆடாமல் தானாகவே இறுகிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. இந்தப் பள்ளம் குறைவாக விழுவதற்கென்றே அதை வைத்தார்கள். அப்படிப்பட்ட மெசினில், அதுவும் மூன்று வருடம் ஒழுங்காக ஓடியதில், திடீரென்று 3 அங்குலம் போகிறதென்றால் முதலில் பலகையைத் தாங்கும் முன்பின் மேசைகளைத்தான் சந்தேகிப்பேன். 28 கிலோ மெசினை வாரா வாரம் முச்சக்கர வண்டியில் ஏற்றித் தம்பலகாமம் போய்வந்தால் மேசை மட்டம் எப்படி நிற்கும்? போதாததற்கு அங்கே பழைய வீட்டுப் பாலை வளையைச் சீவுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாலை பிளேட்டை மழுங்கடிக்கும், அதில் ஒடிந்து கிடக்கும் ஆணி பிளேட்டில் பல் விழுத்தும். பலகை நெடுக மெல்லிய வரம்பு ஒன்று எழும்பி ஓடுகிறதா? அது அந்தப் பல்லின் அடையாளம்.

சரி, கணக்கு. நீங்கள் சொன்ன எண்களையே எடுக்கிறேன். மாதம் 40 பலகை, ஒவ்வொன்றிலும் அரை அடி, ஆக 20 அடி. அடி 400 ரூபாய் என்றால் 8,000. வருடத்துக்கு 3 செட் பிளேட் வாங்கிய நீங்கள் இப்போது 6 வாங்குகிறீர்கள். செட் 12,000 வீதம் மேலதிகமாக 36,000, மாதத்துக்கு 3,000. ஆகவே மச்சானுக்கு “சும்மா” கொடுக்கும் மெசின் மாதம் ஏறத்தாழ 11,000 தின்கிறது. நின்றுபோகும் இரண்டு நாள் வேலையை இதில் சேர்க்கவில்லை.

லீசிங் பக்கம்: 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு 18 வீதம், 3 வருடம். வட்டி மட்டும் 1,94,400. மாதக் கட்டுப்பணம் 15,400. கடன் தொகையில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி போடுகிறார்கள். அதனால் உண்மை வட்டி 30 வீதத்தை ஒட்டி வரும். காப்பின் அடகு வட்டி வேறு. உங்களுக்கு ஓடர் குவிவது சீசனுக்கு முந்திய மாசி, பங்குனியில். கார்த்திகை, மார்கழி மழையில் மரமும் காயாது, கையில் காசும் வராது. 15,400 அப்போதும் வாசலில் நிற்கும்.

அந்த 735 மோசமான மெசின் இல்லை. 13 அங்குல அகலம், இரண்டு வேகம், நல்ல சீவல். ஆனால் அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட், 15 அம்பியர். இங்கே 230. பெரிய டிரான்ஸ்ஃபோர்மர் ஒன்றும் வாங்க வேண்டும், அதைக் கடைக்காரர் சொன்னாரா? முன்பின் மேசைகளும் பல பெட்டிகளில் சேர்ந்து வராது. சுருள் கட்டர் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. முடிச்சு மரத்தில் பிய்க்காமல் சீவும், சத்தமும் குறைவு, அது உண்மை. நுனிப் பள்ளத்துக்கு அது மருந்தே இல்லை. 42 கிலோ என்பதால் மச்சான் தூக்கமாட்டார் என்று நினைக்காதீர்கள், இரண்டு பேராக வருவார்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது இது. நீளமான மட்டப்பலகையை இரண்டு மேசைக்கும் குறுக்கே வைத்து, மேசைகளின் வெளி விளிம்பு நடுத்தட்டை விட ஒரு கடதாசித் தடிப்பு உயரும்படி போல்ட்டைத் திருப்புங்கள். புது பிளேட் போடுங்கள். கடைசிச் சீவல் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நீளப் பலகையின் வாலைக் கையால் சற்றே தூக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ரோலர் ஸ்டாண்ட் இரண்டு செய்துகொள்ளுங்கள். தச்சருக்கு அது அரை நாள் வேலை. ஒரே தடிப்புத் துண்டுகளை ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை முட்டும்படி, இடைவெளி விடாமல் அனுப்பினால் பள்ளம் முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் மட்டுமே விழும். அந்த இரண்டும் கழிவுக் கட்டையாக இருக்கட்டும்.

அப்புறம் மச்சான். மெசின் இனிப் பட்டறை வாசலைத் தாண்டாது, மரம்தான் வரும் என்று சொல்லுங்கள். ஆணி பிடுங்கிய மரமாக, அவரே வாங்கிய பிளேட்டோடு வரட்டும். கூலி கேட்கக் கூச்சமாக இருந்தால் விடுங்கள், பிளேட்டை மட்டும் விடாதீர்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் மனைவி தம்பியிடம் பேசட்டும், அடகுக்குப் போக இருந்தது அவருடைய காப்புத்தானே.

மாதம் மிஞ்சும் காசைத் தனியாகப் போட்டு வாருங்கள். மேசையைச் சரிசெய்த பிறகு 4 அடிக் கழிவுப் பலகை ஒன்றை விட்டு, நடுவிலும் இரண்டு நுனியிலும் தடிப்பு அளக்கும் கலிப்பர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இன்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ரோலரைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டு, அவர் கேட்ட தொகையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.