ரத்தத்தில் ஈயமா? காசைக் கட்டுமுன் கேளுங்கள்

கேள்வி: உடம்பிலுள்ள உலோகத்தை உறிஞ்சும் என்று விற்கும் பட்டையைப் பாதத்தில் ஒட்டித் தூங்கினேன், காலையில் கறுத்திருக்கிறது. வெளியேறிய உலோகம்தானே?

பதில்: இல்லை. சொட்டுத் தண்ணீர் விட்டாலும் கறுக்கும்.

கேள்வி: ஓயாத களைப்பு என்று ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். மாத்திரை ஒன்றை விழுங்கச் சொல்லி, பிறகு சிறுநீரைச் சோதித்து, ஈயமும் பாதரசமும் அதிகம் என்றார்கள். நரம்பு வழியே மருந்து ஏற்ற முன்பணம் கட்டிவிட்டேன்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் போனவரிடம் இப்படிச் செய்வது கொடுமை. அந்த மாத்திரை, உடம்பிலுள்ள உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்தாகத்தான் இருக்கும். கொஞ்சம் ஈயம் எல்லோர் எலும்பிலும் உண்டு. அந்த மருந்து உள்ளே போனால் யாருக்கும் சிறுநீரில் எண் ஏறும். அதை மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் ஊரே நோயாளிதான். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மருத்துவ நச்சியல் வல்லுநர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், கடிதங்கள் நிற்கவில்லை.

ஈயத்துக்குச் சரியான சோதனை ரத்தச் சோதனை, மருந்து எதுவும் கொடுக்காமல். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்றும் கிடையாது, உண்மை. ஆனால் குழந்தைகளுக்கே டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் பொதுவாக உலோகத்தை வெளியேற்றும் இந்த மருந்துச் சிகிச்சை. அதற்குக் கீழே என்றால், ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இந்தச் சிகிச்சையில் டைசோடியம் எடிடேட் என்ற மருந்தைத் தவறாக ஏற்றி, ரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிர்கள் போயிருக்கின்றன. இனி அங்கே போகாதீர்கள். மாத்திரையின் பெயரை எழுத்தில் வாங்குங்கள், ரசீதைக் காட்டி முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அப்புறம் வேறு மருத்துவரிடம் களைப்புக்குக் காரணம் பாருங்கள்.

கேள்வி: நிறம் வெளுக்கும் கிரீம், மூன்று மாதமாகப் பூசுகிறேன். டப்பாவில் உட்பொருள் விவரமே இல்லை. இப்போது கை நடுங்குகிறது.

பதில்: விவரமே இல்லாத டப்பாவை எப்படி முகத்தில் பூசினீர்கள்? பாதரசம் கலந்த கிரீம்கள் இப்படித்தான் விற்கின்றன. அது தோல் வழியே ஏறி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்றே நிறுத்தி, டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள். இந்த வகைப் பாதரசத்துக்கு சிறுநீர்ச் சோதனையும் வேண்டும், ஆனால் முன்னால் மாத்திரை எதுவும் விழுங்காமல். துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் பரவும், அவர்களையும் சோதியுங்கள்.

கேள்வி: புகைப்பழக்கம் உண்டு. சிகரெட் புகையில் வரும் காட்மியம் என்ற உலோகம் ரத்தத்தில் குறைய எந்த மாத்திரை நல்லது?

பதில்: எதுவும் இல்லை. சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: நிறம் மாறும் குச்சியால் வீட்டிலேயே பொம்மையைச் சோதித்தேன், ஈயம் இல்லை என்று வந்தது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கிய பெட்டியில் ஒரு குச்சி சிவந்தது, அதே பொம்மையில் அடுத்தது சிவக்கவில்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கையில் கொடுக்காதீர்கள்.