எண்ணூறு ரிங்கிட் கட்டுரை

கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது, மளிகை எங்கே வாங்குவது, மலாய் தெரியாமல் சமாளிக்க முடியுமா, மேற்படிப்புக்கு அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போடுகிறேன், கொழுந்தனும் எஸ்.டி.பி.எம். என்கிற மேல்நிலைப் பள்ளித் தேர்வு முடித்து இங்கிலாந்துக்குப் போடுகிறான், இரண்டு பேருக்கும் ஈப்போவில் ஒரு ஏஜெண்ட் விண்ணப்பத்தோடு அனுப்பும் சுயகட்டுரையை எழுதித் தருகிறாராம், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய் தங்கச்சி. மளிகைக்கடையை உன் மாமியார் காட்டுவார். மலாய் தானாக வரும், நான் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டேன். ஏஜெண்டிடம் மட்டும் போகாதே.

நான் 1999-இல் புதுக்கோட்டையிலிருந்து நேராக ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு வந்தவள். இரண்டு வருஷம் கழித்து எம்.ஏ. ஆசை வந்தது. ஒருவரிடம் எண்ணூறு ரிங்கிட் கொடுத்தேன், லோரி ஓட்டிய என் வீட்டுக்காரரின் ஒரு மாசச் சம்பளம் அது. "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவுத் தாகம்" என்று ஆரம்பித்து எழுதிக் கொடுத்தார். அதே தாளைப் பெயர் மாற்றிப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தர்) மகளுக்கும் விற்றிருக்கிறார், அவளும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருக்கிறாள். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் 'வருந்துகிறோம்' கடிதம். பணத்தைக் கேட்டால் உங்கள் மார்க்கு பத்தவில்லை என்றார் அந்த மனுஷன்.

2007-இல் இங்கிலாந்தில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் அமைப்பான யூகாஸ் ஐம்பதாயிரம் கட்டுரைகளை மென்பொருளில் போட்டுப் பார்த்ததில், 234 பேர் எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவைப் பொசுக்கிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள்! கொழுந்தனிடம் சொல். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே மூன்று கேள்வி: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து, அவ்வளவுதான்.

இங்கே பிள்ளைகள் எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பாட்டி இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) போனாள். உண்மைதான், ஆனால் இடம் கேட்பது தாத்தா இல்லையே. எங்கள் தாமானில் (குடியிருப்பு) ஒரு பையன், அப்பாவுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் வேலை. ஆலையில் காய் என்று குலைகளைக் கழிக்கிறார்களே என்று கோபப்பட்டு, பழுத்தால் உதிரும் என்று மரத்தடியில் உதிர்ந்த பழங்களை எண்ணி நோட்டில் எழுதி, ஆலைத் துண்டுச்சீட்டோடு ஒப்பிட்டிருக்கிறான். கடைசியில் பார்த்தால் எலி கடித்து உதிர்ந்ததையும் பழுத்து உதிர்ந்ததாக எண்ணியிருக்கிறான், ஆலை சொன்னதுதான் சரி. அமெரிக்காவுக்கான 650 சொல் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த நோட்டும் அந்த எலியும்தான். இடம் கிடைத்தது.

உன்னுடையது மேற்படிப்பு, அதில் குழந்தைப் பருவமே வேண்டாம். எம்.எஸ்ஸி. ஆய்வில் என்ன செய்தாய், எங்கே சொதப்பியது, அங்கே எந்தப் பேராசிரியரின் வேலை உன் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது, அதை எழுது. கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் சிலர் எஸ்டேட் பக்கம் படிப்பே கிடையாது என்பார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு என்னைவிடப் பத்து மடங்கு கொடுத்துக் கட்டுரை வாங்குவதும் அவர்கள்தான். சரி, அதை விடு.

அந்த ஆளிடம் ஏமாந்த அடுத்த வருஷம் நானே எழுதினேன். லயத்து வாசல்படியில் உட்கார்ந்து, நாலு மணிக் குளிர், பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி என்று ஒரு பக்கம் உருகி எழுதி, முப்பது வருஷம் பால் வெட்டிய மாமியாருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீ எப்பம்மா பால் வெட்டுன?" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.